தொட்டுக்க என்ன இருக்கு? - ஜப்பானியக் குடிமேசையின் 1,300 வருடக் கதை

காமகுரா நகரம், 13ஆம் நூற்றாண்டு. ஜப்பானின் ஷோகன்களை, அதாவது படைத்தலைவர்களைப் பின்னாலிருந்து ஆட்டிவைத்த ஹோஜோ டோக்கியோரி, பதவியை விட்டுத் துறவியாகிவிட்டார். அதிகாரம் மட்டும் அவரை விடவில்லை. ஒருநாள் இரவு உறவினர் நோபுடோக்கிக்கு ஆள் அனுப்புகிறார். போட்டுக்கொள்ள நல்ல உடை இல்லையே என்று நோபுடோக்கி தயங்கிக்கொண்டிருக்க, இரண்டாவது ஆளும் வந்து நிற்கிறான். ராத்திரி நேரம்தானே, எப்படி இருக்கிறாரோ அப்படியே வரட்டும் என்று உத்தரவு. கசங்கிய பழைய அங்கியோடு அவர் போய்ச் சேர்ந்தால், சாக்கே (அரிசி மது) குடுவையும் மண் கோப்பையுமாக டோக்கியோரியே எதிரே வருகிறார். தனியாகக் குடிக்கப் பிடிக்கவில்லையாம், அதனால்தான் கூப்பிட்டாராம். தொட்டுக்கொள்ள மட்டும் ஒன்றுமில்லை. வேலைக்காரர்கள் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். எங்காவது ஏதாவது கிடக்கிறதா பார் என்று விருந்தாளியையே தேட விடுகிறார்.

நோபுடோக்கி திரியைக் கொளுத்திக்கொண்டு மூலைமுடுக்கெல்லாம் துழாவுகிறார். அடுக்களைப் பலகையில் ஒரு சின்ன மண்சட்டி அகப்படுகிறது. அதன் அடியில் கொஞ்சம் மிசோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. சோயா அவரையைப் புளிக்கவைத்துச் செய்யும் உப்பு விழுது அது. இது போதுமே என்கிறார் டோக்கியோரி. நாட்டின் மிகப் பெரிய மனிதரும் அவருடைய உறவினரும் அதைத் தொட்டுக்கொண்டே சுற்றுமேல் சுற்றாகக் குடித்துச் சந்தோஷமாக இருந்தார்கள். நோபுடோக்கி கிழவரான பிறகு நினைவுகூர்ந்த இந்தக் கதையை, யோஷிதா கென்கோ என்ற துறவி 1330 வாக்கில் எழுதிய ‘ட்சுரேசுரேகுசா’வில் பதிந்துவைத்திருக்கிறார். அந்தக் காலத்து மனிதர்கள் எவ்வளவு எளிமையாக இருந்தார்கள் என்று ஏங்குவதற்காகச் சொன்ன கதை.

எனக்கென்னவோ இது சமையல் குறிப்பாகத்தான் தெரிகிறது. உப்பு, நாள்பட்டுப் புளித்த வாசனை, அதுவும் துளியூண்டு. இன்றைக்கு டோக்கியோவில் ஏதாவதொரு இஸாகயாவில் (குடிக்கவும் கொறிக்கவும் உட்காரும் கடைகளுக்கு அங்கே அதுதான் பெயர்) போய் உட்கார்ந்தாலும், மேசைக்கு வரும் தட்டுகளில் பாதி இந்த மூன்றிலிருந்துதான் பிறந்திருக்கும்.

டோக்கியோரிக்கும் ஐந்நூறு வருடம் முந்தைய சாட்சி ஒன்று இருக்கிறது. ஜப்பானின் மிகப் பழைய கவிதைத் தொகுப்பான ‘மன்யோஷு’வில், யமனோயுவே நோ ஒகுரா என்ற அதிகாரி ஏழ்மையைப் பற்றி எழுதிய நீண்ட கவிதை. மழையும் பனியும் கலந்து கொட்டும் இரவு. குளிர் தாங்காத ஓர் ஏழை, கல்லுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக்கொண்டு, சாக்கே பிழிந்த சக்கையை வெந்நீரில் கரைத்து உறிஞ்சுகிறான். அடுத்தவன் குடித்த சாக்கேயின் சக்கைதான் அவனுக்குச் சாராயம். உப்புதான் சைடு டிஷ்.

ஜப்பானியர்கள் ‘ஓட்சுமாமி’ என்று அழைக்கும் இந்தக் கொறிப்புகளை அழகான பீங்கான் தட்டும், பக்கத்தில் ஒற்றை இலையுமாகப் படம் எடுத்துப் போடுகிறார்கள். பார்க்கிறவர்களுக்கு அது ஏதோ அரண்மனைப் பண்டம் போலத் தோன்றும். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு உள்ளே இருப்பதைப் பார்த்தால், முக்கால்வாசி மிச்சம் மீதிதான். மீன் குடல், முற்றாத அவரை, கறிக்கடைக்காரர் ஒதுக்கிய ஈரல், வளைந்த அச்சில் வெட்டிய பலகாரம். இந்த மேசையை அடுக்கியது செல்வம் இல்லை. இல்லாமை.

பீப்பாயில் லாபம்

1590இல் போர்ப்பிரபு டோக்குகவா இயயசு எடோவுக்கு வந்து சேர்ந்தார். இன்றைய டோக்கியோதான் அது. கோட்டை கட்ட, கால்வாய் வெட்ட, கல் சுமக்க என்று நாலா திசையிலிருந்தும் ஆண்கள் வந்து குவிந்தார்கள். குடும்பம் கிடையாது, சமைத்துப்போட ஆள் கிடையாது. சாயங்காலமானால் தாகம் மட்டும் உண்டு. கோட்டைக்கான கல்லும் மரமும் வந்து இறங்கும் கரையில், 1596இல் தோஷிமாயா ஜூஎமோன் என்பவர் ஒரு சாக்கே கடை போட்டார். கடை முகப்பிலேயே நின்று குடிக்கலாம். தொட்டுக்கொள்ள டெங்காகு. டோஃபுவைக் குச்சியில் குத்தி, மேலே மிசோ பூசி, தணலில் வாட்டி எடுப்பது. டோஃபு மலிவு, துண்டு பெரிசு. தணலில் மிசோ கருகும் மணம் தெருமுனை வரை போகும். அதற்குமேல் விளம்பரம் எதற்கு?

இதைவிடச் சுவாரசியம் அவருடைய கணக்கு. சாக்கேவைக் கிட்டத்தட்ட வாங்கின விலைக்கே ஊற்றிக் கொடுத்தாராம். லாபம் காலிப் பீப்பாயில். மரப் பீப்பாய்க்கு எடோவில் நல்ல கிராக்கி. மிசோ போட, ஊறுகாய் போட, தண்ணீர் பிடிக்க எல்லாரும் வாங்கினார்கள். சீக்கிரம் குடித்துத் தீர்த்தால் சீக்கிரம் பீப்பாய் காலியாகும். குடிக்கவைக்க வேண்டுமானால் உப்புக் காரமாகத் தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டும். ஆக அந்த டெங்காகு, பீப்பாயைக் காலி செய்வதற்கென்றே நியமிக்கப்பட்ட ஊழியர். கடை நானூறு வருடம் தாண்டி இன்னும் டோக்கியோவில் இருக்கிறது.

அந்த வழியில் எடோ முழுக்கக் கடைகள் முளைத்தன. காய்கறியும் மீனும் குண்டானில் கொதித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் சாக்கே. 1811இல் எடுத்த கணக்கில் இப்படிப்பட்ட கடைகள் 1,808. மக்கள்தொகை பத்து லட்சத்தை எட்டிய நகரம், அதில் ஆண்களே அதிகம். தனியாக வாழ்ந்த ஆண்களின் பசிதான் அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் இருக்கிறது.

குடலை வீசாதே

டோக்குகவா வம்சம் எடோவிலிருந்து ஆண்ட எடோ காலத்திலேயே நாட்டின் மூன்று பெரும் அரிய பண்டங்கள் என்று ஒரு பட்டியல் வழக்கத்துக்கு வந்துவிட்டது. எச்சிசென் பகுதியின் உப்பிட்ட கடல் முள்ளெலி, நாகசாகியின் கராசுமி, மிகாவாவின் கோனோவாதா. மூன்றும் கடலிலிருந்து வருபவை, மூன்றும் உப்பில் ஊறுபவை, மூன்றையும் சோற்றோடு பிசைந்து வயிறு நிரப்ப முடியாது. சாக்கே இல்லாவிட்டால் இவற்றுக்கு வேலையே இல்லை.

கராசுமி என்பது மடவை மீனின் சினை. சினைப்பையைக் கிழியாமல் எடுத்து, ரத்தக் குழாயை வழித்து, உப்பில் புதைத்து, பிறகு உப்பைக் கொஞ்சம் இறக்கி, பலகையில் வைத்து அழுத்தி, நாள்கணக்கில் வெயிலில் திருப்பித் திருப்பிக் காயவைப்பார்கள். கடைசியில் அம்பர் நிறத்தில் மெழுகுக் கட்டியாகிவிடும். அதைக் காகிதம் போலச் சீவி, லேசாக வாட்டி, ஒரு முள்ளங்கி வில்லையின் மேல் வைத்துத் தருவார்கள். நான்கு துண்டு இருந்தால் அதிகம்.

கோனோவாதாவைச் சொல்லாமல் விடலாம் என்றால் மனசு கேட்கவில்லை. கடல் அட்டையின் குடல் அது. குளிர்காலத்தில் பிடித்த அட்டைகளைச் சுத்தமான கடல்நீரில் போட்டுவைத்து, உள்ளே இருக்கும் மணலைத் தானே கக்கவிடுவார்கள். பிறகு வயிற்றைக் கீறி, நூல் நூலாக வரும் குடலை விரலால் உருவி, மிச்ச மணலைப் பிதுக்கி, கழுவி, உப்பிடுவார்கள். ஓர் அட்டைக்கு ஒரு சிட்டிகை தேறினால் அதிர்ஷ்டம். கடல் வாசனையும் வழுவழுப்பும் சேர்ந்த அந்த மஞ்சள் இழைகளைச் சாப்ஸ்டிக் முனையில் எடுத்து நாக்கில் வைத்ததும், கை தன்னால் கோப்பைக்குப் போகும். குடல்தானே என்று இளப்பமாக நினைக்க வேண்டாம். 927இல் முடிந்த ‘எங்கிஷிகி’ என்ற சட்டத் தொகுப்பில், நோட்டோ பகுதி அரசுக்குச் செலுத்த வேண்டிய பொருள்களில் இதுவும் இருக்கிறது. எடோ காலத்தில் ஷோகனின் மேசைக்குப் போனது.

ஏழை வீட்டுக் கோனோவாதா என்றால் அது கணவாய் ஷியோகரா. கணவாயின் ஈரலை முழுசாக எடுத்து, உப்பில் ஓர் இரவு மூடிவைத்து, தோலைப் பிதுக்கி விழுதாக்குவார்கள். ஒரு நாள் உலரவிட்ட கணவாய்ச் சதையைக் கீற்றாக நறுக்கி அதில் போட்டு, தினம் கிளறிவிட்டால் போதும். ஈரலில் உள்ள நொதிகள் சதையை மெல்லக் கரைத்துக் குழையவைக்கும். பழக்கமில்லாதவருக்கு முதல் வாய் பெரிய சோதனைதான். ஷிகொகு தீவின் கோச்சியில் சூரை மீன் குடலை இதேபோல ஊறவைத்துச் செய்வதற்கு, அன்று தோசா எனப்பட்ட அந்த நாட்டின் பிரபு ஒருவர் ‘சாக்கேத் திருடன்’ என்று பொருள்பட ‘ஷுதோ’ என்று பெயர் வைத்தார் என்பார்கள். குடுவை எப்போது காலியானது என்றே தெரியாதாம்.

சரி, இதில் ருசி எங்கிருந்து வருகிறது? 1908இல் டோக்கியோ பேராசிரியர் இகேதா கிகுனாயே, கொம்பு என்ற கடற்பாசியின் சாற்றிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்து, அதன் சுவைக்கு ‘உமாமி’ என்று பெயரிட்டார். 1913இல் அவருடைய மாணவர் கொதாமா ஷிந்தாரோ, உலர்த்திய சூரை மீனில் இன்னொரு உமாமிப் பொருளான இனோசினேட்டைக் கண்டுபிடித்தார். இரண்டும் சேர்ந்தால் ருசி கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். மீனில் இனோசினேட் ஏராளம். புளிக்கவைத்த எதிலும் குளுட்டமேட் ஏராளம். சாக்கேயிலோ, அரிசியைக் கோஜிப் பூஞ்சணம் உடைப்பதால், ஒயினைவிட அமினோ அமிலங்கள் மிக அதிகம், புளிப்பு குறைவு. மீன் குடலும் அரிசி மதுவும் சந்திக்கும்போது நாக்கில் நடப்பதை டோக்கியோரி அறியமாட்டார். ஆனால் சட்டியடி மிசோவே போதும் என்று சொன்னது சரியான கணிப்பு.

மீனோடு ஒயின் குடித்தால் சிலசமயம் வாயில் கவிச்சை அடிக்கும். பழியை எல்லாரும் மீன் மேல் போட்டார்கள். 2009இல் ஜப்பானிய ஒயின் நிறுவனம் ஒன்றின் ஆய்வாளர்கள் குற்றவாளியைக் கண்டுபிடித்தார்கள். ஒயினில் கலந்திருக்கும் இரும்பு. அது மீனின் கொழுப்போடு வினைபுரிந்து அந்த வாடையைக் கிளப்புகிறது. சாக்கே வடிப்பவர்கள் இரும்பை வேறு காரணத்துக்காக எப்போதோ விரட்டிவிட்டார்கள். இரும்பு இருந்தால் சாக்கேயின் நிறமும் ருசியும் கெடும் என்பதால், வடிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 0.02 மில்லிகிராமுக்குமேல் இருக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. நிறத்துக்காக எடுத்த முன்னெச்சரிக்கை, குடலுக்கும் சினைக்கும் துணையாக வந்து நின்றது.

கோழி இல்லாத யாகிடோரி

ஓட்சுமாமி என்றதும் உலகத்துக்கு நினைவு வருவது யாகிடோரி. குச்சியில் கோர்த்துச் சுட்ட கோழி. சும்மா கோழி என்று சொல்லிவிட்டால் சுடுகிறவர் கோபித்துக்கொள்வார். தொடைக் கறியும் வெங்காயத் தாளும் மாறிமாறிக் கோர்த்தால் நெகிமா. தோல் தனி, இரைப்பை தனி, ஈரல் தனி, இதயம் தனி, கழுத்துக் கறி தனி, குருத்தெலும்பு தனி, வால் நுனியில் கொழுப்பு திரண்ட போன்ஜிரி தனி. வெளிவராத முட்டைக் கருவைக் கருக்குழலோடு கோர்த்து விளக்குபோலத் தொங்கவிடுவது சோச்சின். ஒரு கோழியில் எதையும் வீசுவதில்லை.

நல்ல கடையில் கரி பிஞ்சோதான். வகயாமா மலைகளின் உபாமே ஓக் மரத்தை எரித்துச் செய்யும் வெள்ளைக் கரி. இரண்டு துண்டுகளைத் தட்டினால் உலோகம்போல ‘டிங்’ என்று கேட்கும். புகை குறைவு, தணல் நீண்ட நேரம் நிற்கும். குச்சிகள் முனை வெளியே நீட்டியிருக்க, இரண்டு இரும்புப் பட்டைகளின் மேல் கறி மட்டும் தணலுக்கு நேராக வரும். சுடுகிறவர் ஒரு கையால் விசிறியை ஆட்டிக்கொண்டே மறுகையால் குச்சிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருப்பார். கொழுப்புச் சொட்டு கரியில் விழுந்து பொங்கும்போது விசிறி வேகம் கூடும். உப்பா, தாரேயா என்று ஆர்டரின்போதே கேட்பார்கள். தாரே என்பது சோயா சாஸும் மிரின் என்ற இனிப்பு அரிசி மதுவும் சர்க்கரையும் காய்ச்சிய குழம்பு. குச்சியை அதில் முக்கி மீண்டும் தணலில் வாட்டுவார்கள். தாரே குறையக் குறைய புதிது ஊற்றிச் சேர்ப்பதுதான் வழக்கம். பானை முழுசாகக் காலியாவதே கிடையாது. பரம்பரைக் கடைகளுக்கு அந்தப் பானைதான் சொத்து.

ஆனால் இன்று நாம் காணும் குச்சிக் கடைப் பண்பாட்டை ஊதிப் பெரிதாக்கியது கோழியே இல்லை. 1945 போர்த் தோல்விக்குப் பிறகு டோக்கியோ சாம்பலாகக் கிடந்தது. அரிசி, மாவு, கறி எல்லாம் ரேஷன். ஷின்ஜுகுவிலும் உஎனோவிலும் ரயில் நிலையத்தை ஒட்டிக் கறுப்புச் சந்தைகள் முளைத்தன. மாடு, பன்றியின் குடலும் ஈரலும் கட்டுப்பாட்டுக்குள் வரவில்லை. அவற்றைக் குச்சியில் கோர்த்து, தாரேவில் முக்கி, வாடை போகச் சுட்டு விற்றார்கள். ஷின்ஜுகு நிலையத்தின் மேற்கு வாசலை ஒட்டிய ஓமோயிதே யோகோச்சோ சந்து அப்படி வந்ததுதான். இன்று அங்கே கைப்பேசியோடு படம் எடுக்கும் பயணிகள் புகை மூட்டத்தை அழகு என்கிறார்கள். அன்று அந்தப் புகை பசியை மறைத்த புகை. குடிக்க பீர் கிடைக்காத ஆள்களுக்கு 1948இல் ‘ஹாப்பி’ வந்தது. பீர் மாதிரி இருக்கும், போதை கிட்டத்தட்ட கிடையாது. அதில் மலிவு ஷோச்சுவை (வடித்த சாராயம்) ஊற்றிக் குடித்தார்கள். இன்றும் குடல் குழம்புக் கடைகளில் ஹாப்பி புட்டி நிற்கும்.

கறிக்கோழிப் பண்ணைகள் பெருகி 1960களில் விலை இறங்கிய பிறகுதான் யாகிடோரியில் கோழி சாமானியர் கைக்கு எட்டியது. சைதாமாவின் ஹிகாஷிமட்சுயாமாவும் ஹொக்கைடோவின் முரோரானும் இன்னும் மாறவில்லை. அங்கே யாகிடோரி என்று கேட்டால் பன்றிக் கறிதான் வரும். முன்னதில் பன்றித் தலைக் கறியோடு காரமான மிசோ. கோழி வேண்டுமென்றால் தனியாகச் சொல்ல வேண்டும்.

காப்புரிமை வேண்டாம்

அதே போருக்குப் பிந்திய காலத்துப் பிள்ளைதான் காரக் கடல்மீன் சினை, மென்தைகோ. கொரியாவின் பூசானில் பிறந்து வளர்ந்த ஜப்பானியரான கவாஹாரா தோஷியோ, தோல்விக்குப் பிறகு ஃபுகுவோகாவுக்கு வந்து ஃபுகுயா என்ற கடையைத் தொடங்கினார். சின்ன வயதில் தின்ற மிளகாய் போட்ட பொல்லாக் மீன் சினையை மறக்க முடியவில்லை. 1949 ஜனவரியில் அதை ஜப்பானிய நாக்குக்கு ஏற்றபடி செய்து விற்க ஆரம்பித்தார். காப்புரிமை வாங்கச் சொன்னார்கள். வாங்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் செய்முறையைக் கற்றுக்கொடுத்தார். இப்போது ஃபுகுவோகா முழுக்க மென்தைகோக் கடைகள்.

இதே தாராளம் இன்னொரு இடத்திலும் நடந்திருக்கிறது. நீகாதா மாநிலத்தின் நாகவோகாவில் இமாய் யோசாபுரோ அரிசிப் பலகாரம் செய்துவந்தார். நீள்வட்ட அச்சை அவர் மனைவி தெரியாமல் மிதித்துவிட, அது வளைந்துபோனது. நிமிர்த்த முடியவில்லை. வளைந்த அச்சிலேயே வெட்டினார்கள். பார்த்த ஒருவர், பெர்சிமன் பழக் கொட்டை மாதிரி இருக்கிறதே என்றார். 1924இல் ‘காகி நோ தானே’ பிறந்தது. அவரும் பெயருக்கு உரிமை கோரவில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரில் விற்கலாம், விற்கிறார்கள்.

காரமான அந்தப் பிறைத் துண்டுகளோடு வறுத்த வேர்க்கடலையைக் கலந்து 1966இல் பாக்கெட் போட்டது காமேதா நிறுவனம். பீர் என்றால் இதுதான் என்று நாடே ஒப்புக்கொண்டது. பிறை எவ்வளவு, கடலை எவ்வளவு என்பது அங்கே வீட்டுக்கு வீடு சண்டை. நிறுவனம் 2019இல் நாடு தழுவிய வாக்கெடுப்பே நடத்தியது. ஆறுக்கு நாலு என்று இருந்த விகிதம் தோற்றது. ஏழுக்கு மூன்று ஜெயித்தது. 2020இல் பாக்கெட்டை மாற்றிவிட்டார்கள். பிறையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுக் கடலையை மிச்சம் வைப்பவர்கள் பெரும்பான்மை போலும். நான் கடலைக் கட்சி, எனவே இந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை.

பீருக்கு இன்னொரு ஜோடி எடமாமே. சோயா முற்றுவதற்கு முன்பே பச்சையாகப் பறித்தது. நல்ல சமையல்காரர் காயின் இரு நுனியையும் கத்தரியால் வெட்டி, உப்பைப் போட்டுத் தேய்த்து, மேல் ரோமம் போனபின் உப்பு வெந்நீரில் வேகவிடுவார். நறுக்கிய முனை வழியாக உப்பு உள்ளே போகும். யமகாதா மாநிலத்து ட்சுருவோகாவின் ‘தாதாச்சாமாமே’ வகை வேகும்போதே வாசனை ஊரைக் கூட்டும். டோக்கியோக் கடைகளில் வருவதில் நிறைய தாய்வான் போன்ற நாடுகளிலிருந்து உறைந்து வந்தது. பல்லால் உருவித் தின்றபின் தோல் மட்டும் குவியும். யார் எவ்வளவு குடித்தார் என்பதற்கு அந்தக் குவியலே கணக்கு.

கியூஷுவின் யஹாதாவில் 1901இல் இயங்கத் தொடங்கிய அரசு இரும்பாலையைச் சுற்றி, ககு-உச்சி என்ற பழக்கம் வேரூன்றியது. மதுக் கடையின் ஓரத்திலேயே நின்றபடி, கடை விலைக்கே குடிப்பது. இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் வருபவருக்குப் பகலே சாயங்காலம். அது சில்லறைக் கடை, சமையல் கிடையாது. அதனால் கையில் கிடைத்ததெல்லாம் சைடு டிஷ் ஆனது. கானாங்கெளுத்தி டின், உலர்ந்த கணவாய்க் கீற்று, பாக்கெட் வேர்க்கடலை. டின்னைத் தானே திறந்து, தரும் குச்சியால் தின்று, நேரம் பார்த்து வீட்டுக்குப் போவார்கள். இன்று அந்த டின்னே நவீனமாகிவிட்டது. 2010இல் மொத்த வியாபார நிறுவனமான கொகுபு, மதுவுக்கென்றே ‘கான்ட்சுமா’ என்று உயர்ரக டின்கள் கொண்டுவந்தது. சிப்பி, வாத்து, கணவாய் எல்லாம் தனித்தனியே. யஹாதாத் தொழிலாளி இந்த விலையைப் பார்த்தால் சிரித்திருப்பார்.

சின்னத் தட்டு, மெதுவான கை

இஸாகயாவில் உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வந்துவிடும். ஒடோஷி. வேகவைத்த கீரையில் எள், கடற்பாசிப் பொரியல், உருளைக்கிழங்கு சாலட் என்று ஏதோ ஒன்று. பில்லில் 300 முதல் 500 யென் வரை சேர்ந்திருக்கும். கேட்காததற்குக் காசா என்று வெளிநாட்டுப் பயணிகள் சண்டை பிடிப்பது இதற்குத்தான். கோபத்தில் பாதி நியாயம் உண்டு. மறுபக்கத்தில், முதல் பீர் காலியாகும்முன் சமையல்காரருக்கு நேரம் வேண்டும், உட்காரும் இடத்துக்குக் கூலி வேண்டும். இரண்டையும் அந்தக் கிண்ணம் சுமக்கிறது. மேலும் ஒடோஷி ருசியில்லாத கடையில் மற்றதும் ருசிக்காது. எழுந்து போக வேண்டுமானால் அதுதான் சமயம்.

வரிசை ஒன்று உண்டு, எழுதப்படாதது. முதலில் பீர், கூடவே எடமாமே அல்லது குளிர்ந்த டோஃபு. பிறகு சஷிமி (பச்சை மீன் துண்டுகள்), பிறகு சுட்டது, பிறகு பொரித்தது. சோறு கடைசியில்தான், அது வந்தால் குடி முடிந்தது என்று அர்த்தம். சாக்கேயே அரிசிதானே, இரண்டு அரிசி எதற்கு என்பது பழைய தலைமுறை நியாயம். ஒசாகாவின் ஷின்செகாய்ப் பக்கம் போனால் குச்சியில் பொரித்த குஷிகாட்சு. மேசைக்குப் பொதுவான சாஸ் கிண்ணத்தில் கடித்த துண்டை இரண்டாம் முறை தோய்க்கக் கூடாது. சாஸ் போதவில்லையென்றால் சும்மா கொடுத்த முட்டைகோஸ் இலையால் வாரி ஊற்றிக்கொள். கொரோனாவுக்குப் பின் பல கடைகளில் கிண்ணம் போய்ப் புட்டி வந்துவிட்டது, அந்தச் சட்டத்தைக் கற்றுத் தரும் வாய்ப்பும் போய்விட்டது.

எல்லாவற்றிலும் அளவு சின்னது. பகிர்ந்து எடுப்பதற்கும், பேச்சுக்கு இடம் விடுவதற்கும். வயிற்றில் உணவு இருந்தால் மது ரத்தத்தில் ஏறும் வேகம் குறையும் என்பது அறிவியல். மறுபக்கம் அத்தனை உப்பும் தாகத்தைக் கிளப்பும், கை மறுபடி கோப்பைக்குப் போகும். தோஷிமாயாவின் பீப்பாய்க் கணக்கு தப்பவில்லை.

குடி குறைகிறது

இந்த உப்புக்கு விலையும் உண்டு. 2019 அரசு ஆய்வின்படி, சராசரி ஜப்பானியப் பெரியவர் நாளொன்றுக்குச் சாப்பிடும் உப்பு 10.1 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குக் கீழே. ஓட்சுமாமி மட்டும் காரணமில்லை, சூப்பும் ஊறுகாயும் சோயா சாஸும் சேர்ந்தது. ஆனால் கணவாய் ஷியோகராவைப் புகழ்ந்த பேனாவால் இதையும் எழுதத்தான் வேண்டும். இன்னொரு பக்கம், மதுவை உடைக்கும் நொதி பிறவியிலேயே பலவீனமானவர்கள் ஜப்பானியரில் சுமார் 40 சதவிகிதம். ஒரு கோப்பையில் முகம் சிவந்து, நெஞ்சு படபடக்கும். 2024 பிப்ரவரியில் சுகாதார அமைச்சகம் முதல்முறையாகக் குடி அளவுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆண்களுக்கு நாளுக்கு 40 கிராம் தூய ஆல்கஹால், பெண்களுக்கு 20 கிராம் தாண்டினால் வாழ்க்கைமுறை நோய்களின் ஆபத்து கூடும் என்றது.

வரித் துறையின் கவலை வேறு. 1995இல் ஒரு பெரியவருக்கு ஆண்டுக்கு 100 லிட்டராக இருந்த மது நுகர்வு, 2020இல் 75 லிட்டர். இளைஞர்களை மீண்டும் மது பக்கம் இழுக்க யோசனை சொல்லுங்கள் என்று 2022இல் அந்தத் துறை போட்டியே அறிவிக்க, உலகமே சிரித்தது. பீரும் சாக்கேயும் இறங்க, சைடு டிஷ் மட்டும் இறங்க மறுக்கிறது. காகி நோ தானே குழந்தைகளின் பைகளிலும் கிடக்கிறது. உலர்ந்த கணவாயும் மென்தைகோவும் சாலையோரக் கடைகளில் தண்ணீர்ப் புட்டிக்குப் பக்கத்தில் விற்கின்றன.

இந்த மாற்றத்துக்கு நாயகன் ஏற்கெனவே கிடைத்துவிட்டான். 1994இல் தொடங்கிய ‘கோடொகு நோ குருமே’ என்ற மங்காவின் (படக்கதை) இனொகாஷிரா கோரோ. கதை குசுமி மசாயுகி, ஓவியம் தனிகுச்சி ஜிரோ. 2012 முதல் தொலைக்காட்சித் தொடராக ஓடுகிறது. கோரோவுக்கு மது ஒத்துக்கொள்ளாது. அவன் இஸாகயாவுக்குள் நுழைந்து, சுற்றிலும் இருப்பவர்கள் பீர் குடித்துக்கொண்டிருக்க, ஊலாங் டீ ஒன்று சொல்லிவிட்டுக் குடிகாரர்களுக்கான எல்லாத் தட்டையும் வரவழைத்து வெள்ளைச் சோற்றோடு ரசித்துத் தின்பான். ஒவ்வொரு அத்தியாயமும் முடிந்ததும் கதாசிரியர் குசுமி அதே நிஜக் கடைக்கு நேரில் வருவார். அவர் நல்ல குடிகாரர். பீரை ‘பார்லி ஜூஸ்’ என்கிற மாதிரி ஏதாவதொரு கேலிப் பெயரில் சொல்லிவிட்டு, முதலில் அதைத்தான் வாங்கி வைத்துக்கொள்வார்.